வியாழக்கிழமைக்குப் போட்டுக்கொள்ளவும்

மார்ச் 4, திங்கள்

என் நாற்காலியில் இன்றைக்கு வேறொருத்தி. இங்கே வேலை பார்த்த பத்தொன்பது வருடத்தில் பதினோரு வருடம் நான் தேய்த்த நாற்காலி. அதன் இடது கை ஆடும், சாயாதே என்று சொல்லலாமென்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சாய்ந்து தெரிந்துகொள்ளட்டும்.

டாக்டர் சொன்ன காரணம் இது: "முன் மேசையில சிரிச்ச முகம் வேணும்மா. நீங்க உள்ள வந்துடுங்க. ஆபரேஷன் ரூமுக்கு உங்களை மாதிரி ஆள்தான் சரி." அதாவது, மயங்கிக் கிடக்கும் நாய்க்கு என் முகம் போதும். நினைவோடு நடந்து வருகிறவர்களுக்குத்தான் ஆகாது.

புதியவளுக்கு நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். இதற்கு முன் துணிக்கடையில் நின்றவளாம். பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம், "வாங்க வாங்க, என்ன பாக்குறீங்க?" என்கிறாள். நல்லவேளை, எதையும் விரித்துக் காட்டவில்லை. மனதுக்குள் துணிக்கடை என்றே பெயர் வைத்துவிட்டேன். எனக்கும் இந்த விலங்கு மருத்துவமனையில் ஒரு பெயர் உண்டு: டிக்‌ஷனரி. எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிப் படிப்போடு நின்றவள் அகராதியை வரி வரியாகப் படித்து வாங்கிய பட்டம் அது. சும்மா வரவில்லை.

டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியும். படிக்கத்தான் பொறுமை கிடையாது. வருகிற மெயிலையெல்லாம் நான் படித்து, தமிழில் ஒற்றை வரியாக்கி, வேலைப் பட்டியலில் எழுதி ஒட்ட வேண்டும். அந்த வேலையை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. கொடுக்க ஆள் இல்லையே.

மார்ச் 6, புதன்

இன்றைய கூத்தை எழுதாமல் விட்டால் பாவம்.

மூன்று நாள் தங்கிய சாம்பல் பூனை வீடு போக வேண்டும். அதன் எஜமானியம்மாவுக்குத் தமிழ் வராது. துணிக்கடை போனை எடுத்து, தெம்பாக, "மேடம், யுவர் கேட் பாஸ்டு அவுட். ப்ளீஸ் கம் அண்ட் டேக்" என்றாள். மறுமுனையில் ஓர் அலறல். நான் ஓடிவந்து போனைப் பிடுங்கி, பூனை உயிரோடு இருக்கிறது, இப்போதுதான் மீன் தின்றது என்று சொல்லி அந்தம்மாவை ஆற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

கேட்டால், காலேஜிலிருந்து பிள்ளைகள் 'பாஸ் அவுட்' ஆகிறார்களே, அதுபோலப் பூனையும் தேறி வெளியே போகிறதாம்!

கம்பவுண்டரும் கூட்டுகிற அம்மாவும் நிற்கும்போதே விளக்கினேன். பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. பாஸ் அவே என்றால் போய்ச் சேர்வது. இங்கிலீஷ் வினைச்சொல் தனிக்கட்டையாக இருக்கும்வரை சாது. பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டால் குணமே மாறிவிடும், கல்யாணமான மாப்பிள்ளை மாதிரி. கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். துணிக்கடையும் சிரித்தாள், காதுமடல் மட்டும் சிவந்துபோய்.

"சொல்லிக் குடுங்கக்கா, கத்துக்கிறேன்."

எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மார்ச் 7, வியாழன்

டாக்டர் இன்று காலை வணக்கத்தைச் சுவருக்குச் சொன்னார். நடுவில் நான் நின்றிருந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

ரயில்காரரின் மகளிடமிருந்து மெயில்.

ரயில்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். முப்பது வருடம் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள், வெகு தூரத்தில். வீட்டில் மிச்சமிருக்கும் ஜீவன் பதினாலு வயது நாய் ஒன்று. அதை அவர் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார். "பெரியவர் நேத்து சரியாத் தூங்கலை." "பெரியவருக்கு இந்த மாத்திரை பிடிக்கலை." பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் யார் அந்தப் பெரியவர் என்று வாசலைப் பார்ப்பார்கள். போன மாதம் பின்னங்கால் இரண்டும் தள்ளாடுகின்றன, இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லி, கோப்பில் நான்தான் எழுதினேன்.

மெயிலின் முதல் வரி அப்படியே: 'ஆஸ் டிஸ்கஸ்டு வித் தி டாக்டர், ப்ளீஸ் புட் ஹிம் டவுன் ஃபார் தர்ஸ்டே மார்னிங்.' டாக்டரோடு பேசியபடி என்று ஆரம்பம். அதற்குப் பிறகு: அப்பாதான் அழைத்து வருவார், அவரிடம் விவரமெல்லாம் பேச வேண்டாம், வீணாகக் கலங்கிப்போவார்.

நான் போவதற்குள் துணிக்கடை அதைப் படித்து, வியாழக்கிழமைக் கட்டத்தில் 'பெரியவர், காலை' என்று எழுதிவைத்திருந்தாள்.

"எதுக்குன்னு எழுதலையே?" என்றேன்.

"மெயில்ல இல்லக்கா. வியாழக்கிழமைக்குப் பேர் போட்டுக்கங்கன்னு மட்டும்தான் இருக்கு. எதுக்குன்னு டாக்டரைக் கேட்டுக்கலாம்."

சிரித்துவிட்டேன். சாம்பிள் கொடுக்க வந்திருந்த மருந்துக் கம்பெனிக்காரர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.

"புட் டவுன்னா பேர் போடுறது இல்லம்மா. நாய்க்குப் புட் டவுன்னா ஒரே ஒரு அர்த்தம்தான். ஊசி போட்டு நிரந்தரமாத் தூங்க வைக்கிறது. அதான் அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு எழுதியிருக்கு. படிக்கிறது வேற, புரிஞ்சுக்கிறது வேற."

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமாக்கா?" என்றாள்.

"அந்தப் பொண்ணு இதை எழுத எத்தனை தடவை அழுதிருக்கும்? அதைக் கூப்பிட்டு, 'கொல்லணுமா, பேர் எழுதணுமா'ன்னு கேக்கப் போறியா?"

பேனாவைக் கீழே வைத்தாள். மருந்துக் கம்பெனிக்காரர், "அம்மாகிட்ட டியூஷன் வெச்சுக்கங்க" என்றார். பட்டியலில் நானே எழுதினேன்: வியாழன் காலை, பெரியவர், கருணைக்கொலை.

மார்ச் 9, சனி

டாக்டரிடம் சொன்னேன். ஒரு காதில் போன், ஒரு கையில் டீ. "எந்த நாய்? ஓ, ரயில்காரரோடதா. ஆமா ஆமா, அந்தப் பொண்ணு பேசிச்சு. என்னமோ சொல்லிச்சு... சரி, பின்னங்கால் போச்சுல்ல. நல்ல முடிவுதான்." அவ்வளவுதான். ஒரு உயிருக்கு அரை நிமிடம். டீக்கு அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் எலெக்ட்ரீஷியன், ஞாயிறு, சனி என்று பாராமல் யாருடைய இஸ்திரிப் பெட்டியையாவது குடலை உருவிப் பரப்பிவைத்திருப்பார். தலையை நிமிர்த்தாமல் சொல்கிறார்: "தமிழ்ல மட்டும் என்ன வாழுது? போடுன்னா பேரைப் போடுறதும் இருக்கு, ஆளைப் போடுறதும் இருக்கு."

"சொல்ற இடத்தை வெச்சுத் தெரிஞ்சுக்கணும்."

"உனக்கு இடம் தெரியும்கிற."

"பத்தொன்பது வருஷமா அதே இடம்தான்."

உம் என்று சொல்லிவிட்டுத் திருகாணியைத் தேட ஆரம்பித்தார். இவருக்கு இலக்கணம் என்பது சிவப்பு வயர், கறுப்பு வயர்.

மார்ச் 11, திங்கள்

அந்த மகளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பனுக்கு மிச்சமிருக்கும் ஒரே துணை. அதை முடிக்க இரண்டு வரி மெயில், அதிலும் ஒரு ப்ளீஸ். நேரில் வந்து, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல முடியாதா? எங்கேயோ ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, அழுவதற்கு மட்டும் எங்களை ஆள் வைத்திருக்கிறாள். படித்த பிள்ளைகள்! படிப்பு ஏற ஏறக் கைதான் நீளுகிறது. மனசு அதே இடத்தில் சுருங்கிக் கிடக்கிறது.

மார்ச் 13, புதன்

ரயில்காரர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன்.

"நாளைக்குப் பெரியவரை வெறும் வயித்தோட கூட்டிட்டு வரணும்னு பொண்ணு சொல்லுது. ராத்திரியில இருந்தே ஒண்ணும் குடுக்கக் கூடாதாமே? பாவம், பசி தாங்க மாட்டாரு."

"அதெல்லாம் வேணாம்யா. அவருக்கு என்ன பிடிக்குமோ குடுங்க. நிறையக் குடுங்க" என்றேன்.

"அப்படியா? பொண்ணு கண்டிப்பா..."

"நான் சொல்றேன், குடுங்க."

அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். அந்த மகளுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது. கடைசிச் சாப்பாட்டைக் கூடப் பறிக்கப் பார்த்தாளே.

மார்ச் 14, வியாழன்

எழுத வேண்டும். வரிசையாக எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

ஒன்பதரைக்கு வந்தார்கள். நாய் தானே நடந்து வந்தது, தள்ளாடிக்கொண்டு. ரயில்காரர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். நான் சம்மதப் படிவத்தை நீட்டினேன். இங்கிலீஷில் மூன்று கட்டம் இருக்கும்: சிகிச்சை, தங்கல், கருணைக்கொலை. மூன்றாவதில் என் பச்சைப் பேனாவால் முன்னமே குறி போட்டிருந்தேன்.

"கண்ணாடியை விட்டுட்டு வந்துட்டேம்மா. எங்க போடணும்?"

விரல் வைத்துக் காட்டினேன். என் விரல்தான். போட்டார். நாய் தலையைத் தடவி, "போயிட்டு வாங்க பெரியவரே, நான் இங்கதான் இருக்கேன்" என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகையை அடக்கிக்கொண்டேன் என்பதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

உள்ளே முதல் ஊசி, மயக்கத்துக்கு. கால் துவண்டது. உடனே வாந்தி, காலையில் தின்றது அத்தனையும். டாக்டர் தலையைச் சரித்துப் பிடித்து வாயைத் துடைத்தார். "சாப்பிட வெச்சா கூட்டிட்டு வந்திருக்காரு?"

"நான்தான் சொன்னேன் டாக்டர். கடைசியாச் சாப்பிடட்டும்னு."

"சரி, இனிமே என்ன இருக்கு." பூட்டிய அலமாரியைத் திறந்து அந்த மருந்தை எடுத்தார். ஊசியில் ஏற்றினார். நான் முன்னங்காலைப் பிடித்து நரம்பை எழுப்பிக் கொடுத்தேன். நன்றாகத்தான் எழும்பியது. நரம்பு எழுப்புவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

கதவு திறந்தது. துணிக்கடை. ஆபரேஷன் நடக்கும்போது யாரும் உள்ளே வரக் கூடாது.

"டாக்டர், ஒரு நிமிஷம். பல்லைப் பிடுங்கினப்புறம் எத்தனை நாளைக்கு மெத்துனு சாப்பாடு குடுக்கணும்னு கேக்குறாரு."

"யாரோட பல்லு?" என்றேன் நான்.

"பெரியவரோட பல்லு."

டாக்டரின் கை நின்றது. ஊசி முனைக்கும் நான் எழுப்பிய நரம்புக்கும் நடுவில் ஒரு பொத்தான் அளவு இடைவெளி. அவளுக்குப் பின்னால் ரயில்காரர் நின்றார். "பல்லுக்குத்தானே டாக்டர்? ரெண்டு பல்லு அழுகிப்போச்சுன்னு பொண்ணு உங்ககிட்ட பேசினாளே?"

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். துணிக்கடை, "பல்லுக்குத்தான்யா, பல்லுக்குத்தான்" என்று அவர் தோளைப் பிடித்து வெளியே திருப்பப் பார்த்தாள். அவர் நகரவில்லை. தட்டில் மருந்துப் புட்டி இருந்தது. அதன் மேல் மண்டையோட்டுப் படம். அதைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. உள்ளே வந்து, மேசை பக்கத்தில் மண்டியிட்டு, நாயின் விலா மேல் கையை வைத்தார். மூச்சை எண்ணினார், சத்தம் போட்டு. நாற்பது வரை எண்ணி மறுபடி ஒன்றிலிருந்து. நாய் கண் திறக்கும்வரை இரண்டரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு எழவில்லை.

மகள் போனில் வந்தாள். நாலு சுவருக்கும் கேட்டது. "பேரை எழுதிக்கங்கன்னு எழுதினேன்! பேரை! பல்லு எடுக்க வியாழக்கிழமைக்குப் பேர் எழுதிக்கங்கன்னு! மயக்க மருந்து குடுக்கறதைச் சொன்னா அப்பா பயப்படுவாருன்னுதானே சொல்ல வேணாம்னேன்!"

ஐயோ. என்ன பண்ணிட்டேன். விரல் வெச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கினேனே. நிறையக் குடுங்கன்னு சொன்னேனே.

அந்த அமளியில் கோப்பிலிருந்து படிவத்தை உருவி என் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே.

மார்ச் 15, வெள்ளி

விசாரணை. நின்றபடியே ஐந்து நிமிடம்.

டாக்டர் துணிக்கடையைக் கேட்டார்: "மெயிலை முதல்ல வாங்கினது யாரு?"

"நான்தான் டாக்டர். பேர் போட்டுக்கச் சொல்றாங்கன்னு நினைச்சு எழுதினேன். அக்காதான் அதுக்கு அர்த்தம் வேறன்னு சொல்லி மாத்தினாங்க."

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும். உனக்குத் தெரியுமா? போன வாரம்தானே ஒரு பூனையைச் சாகடிச்ச?"

பிறகு என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்கோல்களை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். சிறியது, நடுத்தரம், பெரியது. நிமிரவில்லை.

பட்டியலை நான் திருத்திய அன்றைக்குக் கம்பவுண்டரும் அங்கேதான் இருந்தார். அவரும் நிமிரவில்லை. வாய் பேசாத ஜீவன்களுக்கு மருத்துவம் பார்க்கிற இடம். இந்தப் பழக்கம் எங்களுக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது.

அவளை வர வேண்டாம், சொல்லி அனுப்புகிறேன் என்றுவிட்டார். ஒரு டப்பா, ஒரு குடை. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 16, சனி

அவள் மேலும் தப்பு இருக்கிறது. உறுதியாகத் தெரிந்தால் என்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். பட்டியலை நான் திருத்தும்போது ஏன் சும்மா இருந்தாள்?

மகள் மேலும் தப்பு. பல் என்று ஒரு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா?

டாக்டர் மேல் தப்பில்லையா? டீ குடித்த வாய்க்கு ஞாபகம் இருக்க வேண்டாமா?

எல்லோர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் நிறைய இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

அகராதியை எடுத்தேன். புட் டவுன். கீழே வை. அடக்கு. பிறர் முன் மட்டம் தட்டு. நோயுற்ற விலங்கைக் கொல். இது வரைக்கும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், எந்த வருடம் என்று நினைவில்லை. அந்த இடத்தோடு நிறுத்தியிருக்கிறேன். நான்கு வரிக்குக் கீழே தனியாக ஒரு பதிவு: புட் டவுன் ஃபார், ஒன்றுக்காக ஒருவரின் பெயரைக் குறித்துக்கொள்.

ஃபார். 'வியாழக்கிழமையில்' என்று எழுதியிருந்தால் சாவு. 'வியாழக்கிழமைக்கு' என்று எழுதியிருந்ததால் பெயர். குட்டிச் சொல் ஒட்டினால் குணமே மாறும் என்று கம்பவுண்டருக்குப் பாடம் எடுத்த மேதை நான். அந்த மெயிலில் ஒன்றுக்கு இரண்டு குட்டிச் சொல் இருந்தது. முதலாவதைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். இரண்டாவதைத் துணிக்கடை படித்திருந்தாள், இலக்கணம் தெரியாமலே.

மட்டம் தட்டு என்பதிலும் கோடு போட்டிருக்கிறேன். நன்றாகப் பயின்றிருக்கிறேன்.

மார்ச் 18, திங்கள்

"தற்காலிகமா நீங்களே முன்னாடி உக்காருங்கம்மா" என்றார் டாக்டர். உட்கார்ந்தேன். நாற்காலியின் கை ஆடவில்லை. அவள் திருகாணி வாங்கிப் போட்டு முடுக்கியிருக்கிறாள். பதினோரு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. எலெக்ட்ரீஷியனின் மனைவி.

மதியம் வரை மூன்று பேர் கேட்டார்கள்: "இங்க ஒரு அம்மா இருப்பாங்களே, சிரிச்ச முகமா?"

மார்ச் 19, செவ்வாய்

மகள் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறாள். யார் செய்தது, எப்படி நடந்தது, இன்னொரு நாய்க்கு நடக்காது என்று என்ன உறுதி. நியாயமான கேள்விகள். பத்து வரி. ஒரு ப்ளீஸ் கூட இல்லை.

டாக்டர் கடிதத்தை என் மேசையில் போட்டார். "நல்ல இங்கிலீஷ்ல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதுங்கம்மா. முன் மேசையில புதுசாச் சேர்ந்த ஆள், இங்கிலீஷ் சரியாத் தெரியாததால நடந்த தப்பு, அவங்களை நீக்கிட்டோம்னு போடுங்க. உங்களை விட்டா இதை யாரு எழுதுவா?"

எழுதினேன். எழுத்து அருமையாக வந்தது, அதுதான் கேவலம். மூன்று பத்தி, ஒரு பிழை இல்லை. ஒரு வார்த்தை உண்மை இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நாளைக்குக் கொடுக்கலாமென்று. பையில் அதற்குப் பக்கத்தில் அந்தப் படிவம். எதையோ எடுக்கக் கையை விட்ட இவர் படிவத்தை எடுத்துவிட்டார். பச்சை மையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்த ஊரிலேயே பச்சைப் பேனா வைத்திருப்பவள் நான் ஒருத்திதான்.

"உன்னோட டிக் ஆச்சே இது."

"ஆமா."

மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். கடிதத்தைக் கிழித்தேன். இரண்டாவது கடிதம் ஆறு வரிதான் வந்தது, நடுவில் இரண்டு அடித்தல்.

மார்ச் 20, புதன்

காலையில் டாக்டரின் மேசையில் கடிதத்தையும் படிவத்தையும் வைத்தேன். படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காகிதத்தைக் கடைசி வரி வரை படித்தார் என்று நினைக்கிறேன்.

"நீங்களா?"

"நான்தான். முன் மேசை அம்மா சரியாத்தான் எழுதினாங்க. போன் போட்டுக் கேக்கலாம்னும் சொன்னாங்க. நான்தான் சிரிச்சேன்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க என்னைக் கேக்கலை. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னு நீங்களே சொல்லிட்டீங்க. நல்லா இருந்துச்சு. இருந்துட்டேன்."

அவர் முகத்தில் ஒரு அருவருப்பு. எனக்குப் பழக்கமான பார்வைதான், நான் வழக்கமாக அந்தப் பக்கத்தில் நிற்பேன். படிவத்தைத் திருடியது எதில் சேர்த்தி என்று கேட்டார். திருட்டில் என்றேன்.

கடிதத்தை அப்படியே அனுப்பச் சொன்னார், அடித்தலோடு.

மார்ச் 21, வியாழன்

தீர்ப்பு: வேலையை விட்டு எடுக்கவில்லை. நரம்பு பிடிக்க ஆள் கிடைக்காதாம். மெயிலும் பட்டியலும் இனி என் கையில் இல்லை. தலைமை உதவியாளர் என்கிற பட்டையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். ஊக்கு குத்திய இடத்தில் துணி வெளுக்காமல் இருக்கிறது.

துணிக்கடை வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை.

"டாக்டர் போன் பண்ணினாரு. திங்கக்கிழமை வரேன்னு சொல்லிட்டேன்."

"நான் பண்ணினது தப்பு" என்றேன். தமிழில்தான் சொன்னேன், ஆனாலும் நாக்கு புரளவில்லை.

"தப்பு பண்ணாத ஆள் யாருக்கா. பூனைக்கு நானும்தான் பண்ணினேன். ஆனா நீங்க கத்தரிக்கோலை அடுக்கிக்கிட்டு நின்னீங்க பாருங்க..." முடிக்கவில்லை. அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று போய்விட்டாள். ஒரு வாசனையும் வரவில்லை.

மார்ச் 25, திங்கள்

வந்துவிட்டாள். எனக்கு ஒரு வணக்கம். அளந்து வைத்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

அவள் முன் மேசையில் ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். இங்கிலீஷ் மெயில் வந்தால் படிக்கிறாள், என்ன புரிந்தது என்று எழுதுகிறாள், பிறகு போன் செய்து, "இப்படித்தானே சொல்றீங்க?" என்று கேட்டுக் குறி போடுகிறாள். உடைந்த இங்கிலீஷில் கேட்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. இன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, 'பிரிங் அப்'னா வளர்க்கிறதுதானே? பூனை பிரிங்ஸ் அப் எவ்ரிதிங்னு எழுதியிருக்கே. பூனை எதை வளர்க்கும்?"

வாந்தி எடுக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பதுதான் பயமாக இருந்தது. "வாந்தியா இருக்கும்னு நினைக்கிறேன். கேட்டுக்கோங்க" என்றேன். அவளிடம் நேராக நான் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டோம். கேட்டாள். வாந்திதான்.

மே 3, வெள்ளி

ரயில்காரர் வந்தார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான். பல் அழுகல் அதிகமாகி வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார். பக்கத்தில் வேறு விலங்கு மருத்துவர் இல்லை. மகளும் கூட வந்திருந்தாள், விடுப்பு எடுத்துக்கொண்டு. நான் மனதில் வரைந்து வைத்திருந்தவள் இல்லை. குள்ளமாக, தூக்கம் கெட்ட கண்களோடு, அப்பாவின் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நாய் உள்ளே வர மறுத்துவிட்டது. வாசற்படியில் படுத்துக்கொண்டு, கழுத்துப் பட்டை இழுபட இழுபட நடுங்கியது. அதற்கு ஒன்றும் தெரியாது, மயக்கத்தில்தான் கிடந்தது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

படிவத்தில் கையெழுத்துப் போட ரயில்காரர் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் முன் மேசை அம்மா தமிழில் படித்துச் சொல்வாள், பிறகுதான் கையெழுத்து. இப்போது அதுதான் வழக்கம். மகளும் கூட இருக்க வேண்டும். வாசலில் நாயோடு நிற்க யாரும் இல்லை, நான் ஒருத்திதான் பக்கெட்டோடு நின்றிருந்தேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் பேசிய அத்தனைக்கும் சேர்த்து ஏதாவது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்தார்.

"இழுக்காதீங்க. அவரா எழுந்தா வரட்டும்."

பக்கெட்டை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். பதினொன்று ஆகி, பன்னிரண்டும் ஆனது. டாக்டர் இரண்டு தடவை கதவு வழியாக எட்டிப் பார்த்தார். நான் இழுக்கவில்லை.